தொழிலிழந்த ஓடாவிகள் கட்டிய மர ஆலயம்

திருகோணமலையைப் போலவே துறைமுகத்தை அண்டிய ஊர் அமெரிக்காவின் பிராவிடன்ஸ். சமயக் கருத்துக்காகத் துரத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் குடியேறி அமைத்தது. 1638இல் அங்கே பப்டிஸ்ட் சபை தோன்றியது.

அச்சபையின் மர ஆலயம் 1775இல் கட்டி முடிந்தது. முந்திய ஆண்டு ஆங்கிலேயர் பொஸ்ரன் துறைமுகத்தை மூடியதால் தொழிலிழந்த கப்பல் ஓடாவிகள் பலர் வந்து கைகொடுத்தார்கள். 185 அடிக் கோபுரம் மூன்றரை நாளில் நிமிர்ந்தது. பாய்மரம் நிறுத்திப் பழகிய கைகளல்லவா! 1815ஆம் ஆண்டுப் பெரும்புயலிலும் அது விழவில்லை.

ஆட்களின்றிப் பூட்டிக்கிடந்த நம் ஆலயங்களிலோ வளைகளைக் கறையான் தின்றதை நாம் கண்டிருக்கிறோம். ஊர் திரும்புகிறவர்கள் முதலில் கூரை ஒழுக்கைப் பாருங்கள். ஈரம் நின்ற இடத்திலேயே மரம் உக்கும். வெளியூர் ஒப்பந்தகாரரைத் தேடுமுன், உங்களோடு இடம்பெயர்ந்திருக்கும் ஓடாவியைக் கேளுங்கள்.