கொய்யாவுக்கு எவ்வளவு உப்பு?

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தித் தரப்படுகிறது.)

இன்னைக்குப் பழத்துக்கு மசாலா போட்டுச் சாப்பிடறதைப் பத்திப் பேசலாம். எங்க வீட்டுக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்களுக்குக் கள்ளக்குறிச்சி. கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலை பஸ் ஏறினா கல்வராயன் மலை. பலா, கொய்யா, நெல்லி எல்லாம் அந்தப் பக்கம் விளையுது. ஊர்ல தள்ளுவண்டியில கொய்யாவை நாலாக் கீறி, உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவாங்க. அம்மாவுக்கு அதுன்னா உயிர். சர்க்கரை வந்த பிறகு, சாயங்கால பஜ்ஜியை விட்டுட்டு தினமும் கொய்யாவுக்கு மாறினாங்க. எங்களுக்கும் சந்தோஷம்.

சில மாசம் கழிச்சு செக்கப் போனா, பிபி ஏறியிருக்கு. என்ன சாப்பிடறீங்கன்னு டாக்டர் ஒவ்வொண்ணா கேட்டார். "சாயங்காலம் பழம்தான் சார்"னாங்க அம்மா. "எதைத் தொட்டு?"ன்னார். அப்பத்தான் எங்களுக்கே உறைச்சுது. உப்பு மட்டுமே காரணம்னு அவர் சொல்லலை; ஊறுகாய், அப்பளம் எல்லாம் கணக்குல வந்துச்சு. ஆனா பழத்துல இவ்வளவு உப்பு போகுதுன்னு நாங்க யோசிச்சதே இல்லை.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவா உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். சாதம், குழம்பு, பொரியல் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் இந்த ஒரு ஸ்பூன். கொய்யாவுக்கே கால் ஸ்பூன் போச்சுன்னா, நாலில் ஒரு பங்கு அங்கேயே காலி.

அப்போ உப்பு ஏன் ருசிக்குது? உப்பு நாக்குல கசப்பை அமுக்கும்; அதனால இனிப்பு மேலே தெரியும். கொஞ்சம் காயா இருக்கிற கொய்யா கூட இனிக்கும். இன்னொரு விஷயம், கொய்யாவும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தவை. அதுக்கு முன்னாடி நம்ம காரம் மிளகுதான். மிளகாய்ங்கிற பேருக்குள்ளேயே மிளகு இருக்கு பாருங்க. அந்தப் பழைய காரத்துக்கே திரும்பினோம்.

இப்போ எங்க வீட்டுப் பொடி: சீரகம் 2 டீஸ்பூன், மிளகு 1 டீஸ்பூன். ரெண்டையும் வெறும் சட்டியில சிறு தீயில வாசம் வர வறுத்து, ஆறவிட்டுக் கொரகொரன்னு பொடிக்கணும். சுக்குப்பொடி அரை டீஸ்பூன், ஆம்சூர்னு கடையில கிடைக்கிற மாங்காய்ப்பொடி 1 டீஸ்பூன் சேர்க்கணும். இதுல உப்பு கிடையாது. அதுதான் முக்கியம். கடையில வாங்கற சாட் மசாலாவுல பெரும்பாலும் உப்பு கலந்தே இருக்கும். கருப்பு உப்பும் உப்புதான், வாசம்தான் வேற.

போடற வரிசையும் இருக்கு. முதல்ல எலுமிச்சம்பழம் பிழியணும். புளிப்பு இருந்தா உப்புக் குறைச்சல் தெரியாது. அப்புறம் பொடி. கடைசியா, வாயில போடற நேரத்துல, ரெண்டு விரல்ல ஒரு சிட்டிகை உப்பு. முன்னாடியே போட்டு வச்சா பழம் தண்ணி விடும். உப்பு அதுல கரைஞ்சு போயிடும். இன்னும் போடத் தோணும். பழத்து மேல ஒட்டியிருக்கிற உப்புதான் நாக்குல உடனே படும்.

பப்பாளிக்கு எலுமிச்சையும் மிளகும் போதும். அன்னாசிக்கு மிளகும் சீரகமும். நெல்லிக்காயை உப்புத்தண்ணியில ஊறவைக்காம, மெல்லிசா சீவிப் பொடியில புரட்டிச் சாப்பிடுங்க. துவர்க்கும்தான், ஆனா பின்னாடி ஒரு வாய் தண்ணி குடிச்சுப் பாருங்க, இனிக்கும். பலாச்சுளைக்கு எதுவுமே வேண்டாம், ஒரு துளி சுக்குப்பொடி போதும்.

ரெண்டு எச்சரிக்கை. மசாலா போட்டதால பழத்துல இருக்கிற சர்க்கரை குறையாது. சர்க்கரை உள்ளவங்க பலா, மாம்பழத்துல அளவு பாக்கணும். ஜூஸாக்காம கடிச்சே சாப்பிடணும். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்குப் பழத்துல இருக்கிற பொட்டாசியமே பிரச்சினை ஆகலாம். "உப்புக்குப் பதில்"னு விக்கிற சில உப்புலயும் பொட்டாசியம்தான் இருக்கு. அவங்க டாக்டரைக் கேக்காம எதையும் மாத்தாதீங்க.

முதல் வாரம் அம்மா "சப்புனு இருக்குடா"ன்னு தட்டைத் தள்ளிட்டாங்க. நான் ஒரே நாள்ல உப்பை நிறுத்தினது தப்பு. பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாக் குறைச்சோம். நாக்கும் கூடவே பழகிடுச்சு. போன வாரம் தள்ளுவண்டிக்காரர்கிட்ட, "உப்பு வேணாம்பா, கீறி மட்டும் குடு"ன்னாங்க. பொடி டப்பா அவங்க பையிலேயே இருந்துச்சு.

நீங்களும் செஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.