குளிர் நாட்டுக் கழிவுநீரும் கண்ணுக்குத் தெரியாத தொழிலாளரும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு சிறு கவலை தோன்றும். இரவு கரைத்து வைத்த இட்லி மாவு விடிந்த பின்னரும் பொங்காமல் கிடக்கும். அனுபவம் மிக்க பாட்டிமார் இதற்கு மூன்று உபாயங்கள் வைத்திருப்பர். பழைய மாவில் ஒரு கரண்டி கூடுதலாகச் சேர்ப்பர். வழக்கத்தினும் முன்னதாகவே அரைத்து வைப்பர். பாத்திரத்தை அடுப்பின் ஓரத்தில் வைத்துத் துணியால் மூடுவர். மாவைப் புளிக்கச் செய்வன நுண்ணுயிர்களே. குளிர் வந்தால் அவற்றின் வேலை தளர்ந்து போகிறது. இதே மூன்று உபாயங்களைக் கொண்டுதான் பின்லாந்து, நார்வே, கனடா போன்ற பனி நாடுகள் தம் நகரக் கழிவுநீரைத் தூய்மை செய்கின்றன என்றால், மாணவ நேயர்கள் வியப்படையக் கூடும்.

கழிவுநீரைச் சுத்தம் செய்வதில் பெரும்பங்கு நுண்ணுயிர்களுடையது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை அடுத்த டேவிஹியூமில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் இதற்கு ஓர் அரிய வழி கண்டு, 1914ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால் அது தூய்மையாகும். ஆனால் முதன்முறை அதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்கள் பிடித்தன. அடியில் தங்கிய கசட்டைக் கொட்டிவிடாமல், அதன் மீதே புதுக் கழிவுநீரை ஊற்றி மீண்டும் காற்றைச் செலுத்தினர். இவ்வாறு செய்யச் செய்ய, வாரங்கள் நாட்களாகி, நாட்கள் மணிகளாகக் குறைந்தன. பிறர் அருவருத்து ஒதுக்கிய கசடு உண்மையில் உயிர்களின் பெருந்திரள் என்பது அப்போதுதான் நன்கு விளங்கியது. பழைய மாவைச் சேர்க்கும் தத்துவமே இது! அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் என்ற பேராசிரியர் பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு வந்து பணியாற்றினார் என்பதும் நாம் அறியத்தக்கது.

இத்திரளில் இரு கூட்டத்தார் உளர். ஒரு கூட்டம் அழுக்கிலுள்ள கரிமப் பொருள்களை உண்டு, சில மணி நேரத்தில் பல்கிப் பெருகும். குளிர் வந்தால் இவர்களும் சற்றுத் தளர்வர். ஆயினும் தொழில் நின்றுவிடாது. மற்றொரு கூட்டம் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும். ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் பிரித்துக் காட்டியவை இவையே. இவை மெல்ல வளர்வன. 20 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்திலேயே இரட்டிப்பதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். உஷ்ணம் பத்து டிகிரி தாழ்ந்தால் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். இவை ஓய்ந்தால் அம்மோனியா அப்படியே ஆற்றில் கலக்கும். அது மீனுக்கு நஞ்சு. அதுமட்டுமன்றி, ஆற்றுநீரின் பிராணவாயுவையும் குடித்துவிடும். ஐரோப்பிய நாடுகள் 1991இல் வகுத்த விதியிலும் இந்தப் பலவீனத்துக்கு இடம் கொடுத்திருந்தனர்: நைட்ரஜனுக்கான நாள் அளவு, தொட்டிநீர் 12 டிகிரிக்குக் குறையாதபோதுதான் பொருந்தும் என்று குறித்தனர்.

இங்கே ஒரு சிறு கணக்கு வருகிறது. கணக்கு என்றதும் அஞ்ச வேண்டா. தொட்டியில் கசடு பெருகிக்கொண்டே போவதால், நாள்தோறும் ஒரு பகுதியை வெளியே எடுத்தாக வேண்டும். பத்தில் ஒரு பங்கை அன்றாடம் எடுத்தால், கசடு தொட்டியில் தங்கும் காலம் சராசரி பத்து நாள். இதனைக் ‘கசட்டின் வயது’ என்பர். எடுக்கும் வேகத்தை விடப் பிறக்கும் வேகம் குறைவானால், அக்கூட்டமே சிறுகச் சிறுக அற்றுப்போகும். செலவுக்கேற்ற வரவு இல்லாத குடும்பத்தின் கதிதான்! 20 டிகிரியில் ஐந்து நாள் வயது போதுமானால், 10 டிகிரியில் பத்து நாளாவது வேண்டும். முன்யோசனை உள்ளவர் பதினைந்து நாள் வைப்பர்.

ஆகவே குளிர்காலத்தின் வெற்றி தோல்வி ஜனவரியில் அன்று, அக்டோபரிலேயே தீர்மானமாகிறது. நீர் வெதுவெதுப்பாக உள்ளபோதே கசடு எடுப்பதைக் குறைத்து, அம்மெல்வளர் உயிர்களைச் சேமித்து வைக்க வேண்டும். பனி விழுந்த பின் விழித்துக்கொண்டால் பயனில்லை. ஒருமுறை அவை அழிந்தால், குளிரில் மீண்டும் தழைக்கப் பல வாரங்கள் ஆகும். அத்தனை வாரங்களும் ஆறு துன்புறும்.

அப்படியானால் கசட்டை அளவின்றிச் சேர்த்துக்கொண்டே போகலாமா? கூடாது. தூய்மையான நீரைப் பிரிக்க, கசடு அடியில் படிய வேண்டும். நீரின் பிசுப்பு 20 டிகிரியில் இருப்பதைக் காட்டிலும் உறைநிலையை ஒட்டி ஏறத்தாழ 1.8 மடங்கு, எனவே படிதல் மெதுவாகிறது. போதாக்குறைக்கு, மைக்ரோதிரிக்ஸ் என்ற இழைவடிவ நுண்ணுயிர் குளிரையும் முதிர்ந்த கசட்டையும் கொழுப்பையும் விரும்பித் தழைத்து, கசட்டைப் பஞ்சுபோல் உப்பச் செய்து, தொட்டியின் மேல் பழுப்பு நுரையைப் பரப்பும். ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாயில் கசட்டுநீரை நிரப்பி, அரை மணியில் எவ்வளவு படிகிறது என்று அன்றாடம் பார்ப்பது இதனால்தான். மிக எளிய சோதனை. ஆயினும் இதைவிடப் பயனுள்ளது வேறொன்றில்லை என்றே சொல்வேன்.

குளிர் செய்யும் நன்மையும் ஒன்றுண்டு. ஒரு லிட்டர் நீர் 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் கரைத்துக்கொள்ளும். 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம் கரையும். ஆனால் காற்றூட்டும் வகையில் கவனம் வேண்டும். நீரை வானில் வாரியிறைக்கும் சக்கரங்கள் அதன் வெப்பத்தையும் சேர்த்து இறைத்துவிடுகின்றன. தெறித்த துளிகள் உறைந்து பனிக்கட்டியாகப் படிகின்றன. அடியிலிருந்து குமிழிகளாகக் காற்றை விடுவது மேல். அழுத்தப்பட்ட காற்று சூடாகவும் இருக்கும்.

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், வீக்கின்மாகி என்னும் நிலையத்தைப் பாறையைக் குடைந்து பூமிக்குள்ளேயே அமைத்துள்ளனர். 1994 முதல் இயங்கும் இது, எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் கழிவுநீரை ஏற்கிறது. பனிக்காற்று அத்தொட்டிகளைத் தீண்டாது. ஆயினும் அவர்களுக்குச் சோதனைக் காலம் நடுக்குளிர் அன்று. பனி உருகும் வசந்தமே. நடுக்குளிரில் சாக்கடைக்கு வருவது வீடுகளில் குளித்த, துவைத்த வெந்நீர். வசந்தத்திலோ உருகிய பனிநீர் சாக்கடைகளில் புகுந்து, நீரின் அளவைப் பெருக்கி உஷ்ணத்தை 10 டிகிரிக்கும் கீழே தள்ளுகிறது. அந்நீரில் உப்புக்களும் குறைவு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுகையில் ஏறக்குறைய 7 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடான காரத்தன்மை செலவாகும். அது தீர்ந்தால் நீர் புளித்து, நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். இதனால், தேவைப்படும் நிலையங்களில் சுண்ணாம்போ சோடாவோ சேர்க்கின்றனர்.

இன்னொரு செய்தி. கழிவுநீரிலுள்ள வெப்பத்தை எடுத்து வீடுகளைச் சூடாக்கும் நிலையம் ஒன்றும் 2006 முதல் ஹெல்சிங்கியில் பூமிக்கடியில் இயங்குகிறது. அது வெப்பத்தை எடுப்பது தூய்மை செய்த பிறகு. முன்னதாக எடுத்தால், உழைக்கும் உயிர்களின் போர்வையைப் பறித்தது போலாகும்.

நார்வே நாட்டார் 1980களின் இறுதியில் மற்றொரு வழி கண்டனர். சக்கரம் போன்ற சிறு பிளாஸ்டிக் துண்டுகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அவற்றின் மேல் நுண்ணுயிர்களைப் படலமாக வளரச் செய்தனர். துண்டுகள் சல்லடையால் தடுக்கப்படுவதால், எவ்வளவு மெதுவாக வளரும் உயிரும் அடித்துச் செல்லப்படுவதில்லை.

கனடாவின் சமவெளிச் சிற்றூர்களில் இத்தகைய இயந்திரங்களுக்கு வசதி ஏது? அங்கே பெரிய குளங்களே நிலையங்கள். குளிர் முற்றியதும் அவை மேலே உறைந்துபோக, அடியில் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். இதை அறிந்தே, ஆறு மாதக் கழிவுநீரும் தங்குமளவு குளங்களை வெட்டியுள்ளனர். வசந்தத்தில் பனிக்கட்டி உருகி, வெயிலும் காற்றும் பட்டு நுண்ணுயிர்கள் மீண்டும் விழித்தெழுந்த பின், நீரைச் சோதித்துப் பார்த்தே மதகைத் திறக்கின்றனர்.