மூன்று மேனேஜரும் ஒரு காந்தமும்!

காலை ஒன்பது மணி. பெருங்குடி ஸ்டேஷனில் இறங்கி ஆபீசுக்கு அரக்கப்பரக்க ஓடுகிறீர்கள். உங்களுக்கு மூன்று மேனேஜர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘கிழக்கே பார்’ என்கிறார். இன்னொருவர் ‘வடக்கே பார்’ என்கிறார். மூன்றாமவர், ‘அண்ணாந்து பாருய்யா!’ என்கிறார். என்ன செய்வீர்கள்? யாருக்கும் முழுசாகத் தலையாட்ட முடியாமல் திருதிருவென்று விழிப்பீர்கள்!

இதே அவஸ்தையில் மாட்டிக்கொண்ட எலெக்ட்ரான்களுக்கு 2006-ல் ஒரு கணக்குப் போட்டார் அலெக்ஸி கிடயேவ், ரஷ்யாவில் பிறந்த விஞ்ஞானி. தேனடை மாதிரி அறுகோணங்கள். மூலைக்கு மூலை ஒரு எலெக்ட்ரான், அதாவது ஒரு குட்டிக் காந்தம். அதற்குப் பக்கத்து வீடுகள் மூன்று. மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன. விளைவு? எவ்வளவு குளிர்வித்தாலும் காந்தங்கள் வரிசையில் நிற்காது. ‘குவாண்டம் திரவம்’ என்று பெயர்.

அடுத்த வருஷமே, பெருங்குடிக்கு அடுத்த ஸ்டேஷனான தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் மூவரும் இதைக் குடைந்தார்கள். ஒரு காந்தத்துக்குப் பக்கத்து வீட்டோடு மட்டும்தான் உறவு என்று காட்டினார்கள். அதற்கடுத்த வீட்டோடு? பூஜ்யம். சுமாராக அல்ல, துல்லியமாகப் பூஜ்யம்! (நம்ம ஃப்ளாட் வாழ்க்கையேதான்.)

கணக்கு சரி, சரக்கு எங்கே?

இரிடியம் போன்ற கனமான அணுக்களில் இந்த இழுபறி நடக்கலாம் என்று 2009-ல் ஜாக்கேலி, கலியுல்லின் இருவரும் துப்புக் கொடுத்தார்கள். 2010-ல் யோகேஷ் சிங்கும் ஜெர்மனியின் கெகன்வார்ட்டும் சோடியம் இரிடேட் படிகங்களை வளர்த்துக் குளிர்வித்தார்கள். மைனஸ் 258 டிகிரி வந்ததும்... காந்தங்கள் ஸ்கூல் பிரேயர் மாதிரி வரிசையில் நின்றுவிட்டன! பிறகு வந்த ருத்தீனியம் குளோரைடு கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அதுவும் மைனஸ் 266-ல் சரண்டர்.

காரணம், நிஜப் பொருளில் நாலாவதாக ஒரு மேனேஜர் இருக்கிறார். சாதாரணக் காந்த விசை. ‘எல்லாரும் லைன்ல நில்லு’ என்பார். கணக்கில் அவர் கிடையாது.

அப்படியானால் கணக்கு வேஸ்ட்டா? இல்லை சார்! சுத்தமான கணக்கு கையில் இருப்பதால்தான், நாலாவது ஆள் எவ்வளவு அதட்டுகிறார் என்று அளக்கவே முடிகிறது. சுமார் 8 டெஸ்லா காந்தப் புலத்தில் ருத்தீனியம் குளோரைடை வைத்தால் அவர் வாய் அடைபடுகிறது, வரிசை கலைகிறது. அந்த நிலையில் வெப்பம் பக்கவாட்டில் ஓடும் அளவு கிடயேவ் கணக்கோடு ஒத்துப்போகிறது என்று 2018-ல் ஜப்பானியர்கள் அறிவித்தார்கள். வேறு சில லேப்களில் அந்த எண் வரவில்லை. பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

ஏன் இத்தனை மெனக்கெடல்? அப்படியொரு திரவம் நிஜமாகவே சிக்கினால், சின்னச் சின்னத் தொந்தரவுக்கெல்லாம் கணக்கை மறக்காத குவாண்டம் கம்ப்யூட்டருக்கு வழி பிறக்கும்.

அதுவரை, மூன்று மேனேஜரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் பதறாதீர்கள். நாலாவது ஆள் வந்து அதட்டாதவரை, நீங்களும் ஒரு குவாண்டம் திரவம்தான்!