முடங்கிக் கிடந்த ஹெரால்டு

தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், ஒரு தகரக் கொட்டகையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் ஒன்று பல வருடங்களாக முடங்கிக் கிடந்தது. நானும் என் மலையாள நண்பரும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கினோம். "இரும்புக் கடைக்குப் போற வண்டிக்கா கிராஜுவிட்டி பணம்?" என்றாள் மனைவி.

சென்னையில் 1961 முதல் தயாரான வண்டி இது. இங்கிலாந்தில் இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் டிரையம்ப் 'ஸ்பிட்ஃபயர்' ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம் என்று நண்பர் துடித்தார். ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்தவன் நான். பிஸ்டன் இறுகியிருந்தால் வளையங்கள் உடைந்துவிடும் என்று தடுத்தேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் எண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தோம். அந்த வாரம் முழுவதும் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. எட்டாம் நாள் கையால் சுற்றினோம், மெல்ல அசைந்தது. அவர் என் தோளைத் தட்டினார்.

கெட்டுப்போன பெட்ரோலை இறக்கி, பிரேக் ரப்பர்களை மாற்றி, ஐந்தாம் மாதம் ஓட்டினோம். முதல் சவாரிக்கு முன்சீட்டில் ஏறியவள் என் மனைவிதான்!

துருவைவிட அவசரமே பழைய வண்டிகளைக் கொல்கிறது. சங்க அன்பர்கள் வீட்டில் இப்படியொரு வண்டி கிடந்தால், இரும்புக் கடைக்குச் சொல்லுமுன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.