ஓலைச்சுவடிப் படங்களும் கோப்பின் எடையும்

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் ஓலைச்சுவடிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. 1939இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் தொடங்கிய நிறுவனம் இது. 1956இல் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அந்த மண்ணில் மூன்று மொழிச் சுவடிகளும் ஒன்றாகக் கிடப்பதில் வியப்பில்லை. பக்கத்துச் சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். நகரி, புத்தூர்ப் பக்கம் இன்றும் வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி என்று பேசுகிறவர்கள் உண்டு.

ஓலை நிரந்தரமல்ல. பூச்சி அரிக்கும், ஓரம் பொடியும், நூல் கோத்த துளையிலிருந்து விரிசல் ஓடும். அதனால் ஏடு ஏடாகப் படமெடுத்து வைக்கிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஓலையின் வடிவமும் கேமராச் சட்டகத்தின் வடிவமும் ஒத்துப்போவதில்லை. 45 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் உள்ள ஓர் ஏட்டை 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தால், படம் 6000க்கு 4000 பிக்சல். அதில் ஓலை பிடிக்கும் இடம் ஏறக்குறைய 5300க்கு 470. பத்தில் ஒரு பங்குதான் சுவடி. மீதி எல்லாம் மேசை.

ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் படம் ஒன்றுக்கு 72 எம்.பி. ஆகிறது. இருநூறு ஏடுள்ள கட்டுக்கு இருபக்கமும் சேர்த்து நானூறு படம், அதாவது 28.8 ஜி.பி. சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு 5500க்கு 700 என்று ஓரத்தை வெட்டினால் ஒரு படம் 11.5 எம்.பி.க்கு இறங்கும், முழுக் கட்டும் 4.6 ஜி.பி.யில் அடங்கிவிடும். இவ்வளவு குறைந்தும் எழுத்தின் ஒரு கீற்றுகூடப் போகவில்லை.

நானூறு படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து வெட்ட யாராலும் ஆகாது. இமேஜ்மேஜிக், இர்ஃபான்வியூ, எக்ஸ்என்கன்வர்ட் போன்ற இலவச மென்பொருள்களிடம் ஒரே அளவைச் சொல்லிவிட்டால் கோப்புறை முழுவதையும் மொத்தமாக வெட்டித் தந்துவிடும். ஆனால் மென்பொருளுக்கு ஓலை தெரியாது. இத்தனையாவது பிக்சலிலிருந்து இத்தனையாவது பிக்சல் வரை என்பது மட்டும்தான் தெரியும். ஓர் ஏடு விரலளவு நகர்ந்து கிடந்தாலும் முதல் வரி போய்விடும். ஆகவே மொத்தமாக வெட்டுவதன் வெற்றி கணினியில் இல்லை, மேசையில் இருக்கிறது. கேமராவை அசையாமல் பூட்ட வேண்டும். ஏட்டின் இடது முனை முட்டி நிற்க ஒரு சட்டம் வேண்டும். கட்டு முடிகிறவரை விளக்கையும் உயரத்தையும் மாற்றக் கூடாது.

வெட்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏட்டெண் பெரும்பாலும் இடது ஓரத்தில்தான் இருக்கும். அழகாக இருக்கட்டும் என்று ஒட்ட வெட்டினால் எண் போய்விடும். கட்டு ஒருமுறை கலைந்துவிட்டால் அந்த எண்ணை விட்டால் வரிசைக்கு வேறு எளிய வழி இல்லை. உடைந்த முனையும் துளையும் கூடச் செய்திதான். இரண்டு துண்டு ஒரே ஏட்டைச் சேர்ந்தவையா என்று அவற்றை வைத்துத்தான் பொருத்திப் பார்ப்பார்கள். இன்னொரு எச்சரிக்கை: இமேஜ்மேஜிக்கில் ‘மாக்ரிஃபை’ என்ற கட்டளை, இடம் மாற்றிச் சொல்லாவிட்டால், மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். தவறான அளவு கொடுத்து அதை ஓட்டினால் நானூறு மூலப்படமும் ஒரே நொடியில் போய்விடும். நகலில்தான் வெட்ட வேண்டும்.

இனி சுருக்குவது. இது வெட்டுவதைப் போல வெளிப்படையானதல்ல. இழப்பில்லாமல் சுருக்கும் முறைகள் இருக்கின்றன, பிஎன்ஜி அப்படிப்பட்டது. திறந்தால் ஒவ்வொரு பிக்சலும் பழையபடி வரும், ஆனால் கோப்பு மிகவும் சிறியதாகிவிடாது. ஜேபெக் வேறு வகை. 1992இல் தரமாக ஏற்கப்பட்ட அந்த முறையின் உயிர்நாடியான கணக்கை முதலில் முன்வைத்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972இல் அதற்காக அமெரிக்க அரசின் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. இருந்தும் வேலையை விடாமல் 1974இல் டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து கட்டுரையை வெளியிட்டார். ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இன்று உலகம் முழுக்கக் கைப்பேசியில் எடுக்கும் படங்களில் பெரும்பகுதி இந்த மூவரின் கணக்கு வழியாகத்தான் போகிறது. நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் இவர்கள் பெயர் இருக்க வேண்டும்.

ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் 64 ஒளி அளவுகளையும் வேறு 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்தவை மெல்ல மாறும் சாயல்கள், கடைசியில் வருபவை நுண்ணிய, வெடுக்கென்ற மாற்றங்கள். பிறகு ஒவ்வோர் எண்ணையும் ஒரு வகுப்பானால் வகுத்து முழு எண்ணாக்குகிறது. நுண்மாற்றங்களுக்கு வகுப்பான் பெரியது, எனவே அவற்றில் பல பூஜ்யமாகிவிடும். தொடர்ந்து வரும் பூஜ்யங்களை மிகக் குறைந்த இடத்தில் எழுதிவிடலாம். கோப்பு சிறுப்பது இதனால்தான். மலை, முகம், வானம் போன்ற படங்களில் நம் கண் இந்த இழப்பைக் கவனிப்பதில்லை.

ஓலை அப்படியல்ல. எழுத்தாணி கீறிய கோடு 0.2 மி.மீ. தடிமன் என்று கொண்டால், அங்குலத்துக்கு 300 பிக்சல் அளவில் அது இரண்டு மூன்று பிக்சல்தான். வெளிர்பழுப்பு ஓலையில் கரி தேய்த்த மெல்லிய கறுப்புக் கோடு என்பது முழுக்க முழுக்க வெடுக்கென்ற மாற்றம். ஜேபெக் முதலில் கைவைப்பதும் அங்கேதான். தரத்தைக் கீழே இறக்கினால் கோட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் துகள் துகளாகப் படியும். தமிழ் ஏடுகளில் புள்ளி வைப்பதில்லை. ரகரமா காலா, குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தெலுங்கில் பகரத்தின் உள்ளே ஒரு சிறு கீற்று சேர்ந்தால் அது ஷகரம். அந்தக் கீற்றிருக்கும் இடத்தில் துகள் படிந்தால், பதிப்பாசிரியர் எதை நம்புவார்?

எண்களைச் சுருக்கம் மாற்றிய நிகழ்ச்சி உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6ஐ 8ஆக மாற்றுவதைக் கண்டுபிடித்தார். காரணம் ஜேபெக் அல்ல, ஜேபிக்2 என்ற வேறொரு முறை. ஒத்த வடிவங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே அச்சடித்துவிட்டது. படம் மங்கவே இல்லை, தெளிவாகத் தவறாக இருந்தது. சுவடிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

வெட்டுவதும் சுருக்குவதும் சந்திக்கும் இடத்தில் ஒரு வியப்பு உண்டு. மேசையில் சுத்தமான கறுப்புத் துணி விரித்திருந்தால், ஜேபெக்கின் வழக்கமான குறியீட்டில் 16க்கு 16 பிக்சல் கறுப்புப் பரப்புக்கு வெறும் 4 பைட் போதும். சுருக்காவிட்டால் அது 768 பைட். நம் படத்தில் வெட்டி எறிந்த இரண்டு கோடி பிக்சலும் டிஃப்பில் 60 எம்.பி. பிடித்தன. ஜேபெக்கில் அவையே ஏறக்குறைய மூன்று லட்சம் பைட்தான். ஜேபெக்கை வெட்டிவிட்டுக் கோப்பு ஏன் குறையவில்லை என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான். கோரைப்பாயின் மேல் வைத்து எடுத்திருந்தால் கதை வேறு: பாயின் ஒவ்வோர் இழைக்கும் ஜேபெக் இடம் ஒதுக்கும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தின் புள்ளி இரைச்சலுக்கும் அப்படித்தான்.

ஜேபெக் கோப்பைத் திறந்து வெட்டி மீண்டும் சேமித்தால், வகுத்து முழுமையாக்கும் வேலை இன்னொரு முறை நடக்கிறது. கட்டங்கள் இடம் மாறிவிடுவதால் புதிய இழப்பு பழையதன் மேல் ஏறும். ‘ஜேபெக்டிரான்’ என்ற சிறு நிரல் இதைத் தவிர்க்கிறது. படத்தைப் பிரிக்காமலேயே கட்ட எல்லையில், அதாவது 8 அல்லது 16 பிக்சல் கணக்கில், வெட்டுகிறது. நாம் கேட்ட இடத்திலிருந்து சில பிக்சல் தள்ளி வெட்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே ஜேபெக்காக மட்டும் இருக்கும் பழைய படங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா வைத்த வைத்தியச் சுவடி ஒன்று இருந்து, கைப்பேசியில் எடுத்து அனுப்ப நினைத்தால், வாட்ஸாப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது அளவைக் குறைத்து மறுபடியும் சுருக்கும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். ஓரத்தைப் பெறுகிறவர் வெட்டிக்கொள்ளலாம்.