தலையெழுத்து என்று சொல்லாதீர்கள்

எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையைத் தலையாய அறமாகக் கொண்ட தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர், செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூர். இந்த வட்டாரத்தில் வயல் வேலை இல்லாத நாட்களில் சென்னைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் பலருக்கும் கட்டட வேலைதான் கஞ்சி ஊற்றுகிறது. கொத்தனாராகவும் சித்தாளாகவும் சென்ட்ரிங் ஆளாகவும் போனவர்கள் முழுசாகத் திரும்ப வேண்டுமே என்ற கவலை வீட்டில் இருக்கிறது. உயிருக்கு ஊறு நேரக் கூடாது என்ற அந்த எண்ணம் வேலையிடத்தில் இருக்கிறதா?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகக் கிராமங்களிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்களே அதிகம். இடி விழுந்ததுதான் காரணம் என்றது கட்டுமான நிறுவனத் தரப்பு. விசாரித்த நீதிபதி ரகுபதி ஆணையமோ குற்றம் நிறுவனத்தின் மேல்தான் என்றது. பக்கத்திலேயே நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று.

மௌலிவாக்கம் ஊரறிந்த செய்தி. ஒருவர், இருவராக விழுந்து சாகிறவர்கள் நாளிதழில் நாலு வரியோடு சரி. ஏதாவது ஒரு கட்டுமான இடத்தில் மூன்றாம் மாடிச் சாரத்தைப் பாருங்கள். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டி, நடுவில் ஒற்றைப் பலகை. பிடித்துக்கொள்ளக் குறுக்குக் கம்பு கிடையாது. அதன் மேல் வெறுங்காலோடு நின்று பூசுகிறார் ஒருவர். கீழே தலையில் கலவைச் சட்டியோடு சித்தாள், சும்மாட்டுத் துணியைத் தவிர தலைக்கு வேறு காப்பில்லை. மூடாத லிஃப்ட் குழி இரண்டடி தள்ளி இருக்கிறது. கேட்டால், "இத்தனை வருஷமா இப்படித்தான் செய்யுறோம்" என்பார் மேஸ்திரி. பாதுகாப்பு பெல்ட் கேட்கிற ஆளைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். மறுநாள் வேலைக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். வாய் திறக்காததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, அன்றாடக் கூலி.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. 1996-ல் மத்தியச் சட்டமும் வந்தது. ஒன்றரை மீட்டருக்கு மேல் பள்ளம் தோண்டினால் மண் சரியாமல் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இந்தியத் தர விதியே சொல்கிறது. ஆனாலும் மண் சரிந்து ஆள் புதைந்தால் 'விதி' என்கிறோம். முட்டுக் கொடுக்காதவர் தப்பித்துக்கொள்கிறார்.

வீடு கட்டுகிறவர்களே, ஒப்பந்தம் பேசும்போதே பெல்ட், ஹெல்மெட், உறுதியான சாரம் ஆகியவற்றுக்கும் சேர்த்துப் பேசுங்கள். அவை கண்ணுக்குத் தெரியும் வரை வேலையைத் தொடங்கவிடாதீர்கள். தொழிலாளர்களே, நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். ஆபத்தான சாரத்தில் ஏற ஒருவர் மறுத்தால், மற்றவர்களும் அவர் பக்கம் நில்லுங்கள்.