தெளிந்த ஓடைக்கும் சோதனை உண்டு

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையோடைகளில் அடியில் கிடக்கும் கல்லின் நிறம்கூடத் தெரியும். கிருமி தெரியாது.

டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அவசர மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் டெர்லெட், 2000களில் ஆண்டுக்கணக்காக இந்த ஓடைகளிலும் ஏரிகளிலும் நீர் எடுத்துச் சோதித்தார். ஆள் நடமாட்டம் அரிதான இடங்களில் கோலிஃபார்ம் பாக்டீரியா அபூர்வமாகவே கிடைத்தது. மாடு மேயும் புல்வெளிகளுக்குக் கீழேயும், பொதிக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் போகும் தடங்களிலும் அடிக்கடி கிடைத்தது. முதுகில் பையுடன் நடப்பவர்களைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள்; கால்நடைகளோடு ஒப்பிட்டால் அவர்கள் பங்கு சிறிது.

கோலிஃபார்ம் வகைகளில் ஆய்வாளர்கள் தேடுவது பெரும்பாலும் ஈ.கோலையை. அதன் பல வகைகள் நமக்குத் தீங்கு செய்யாதவை. ஆனால் வெப்ப இரத்த உயிர்களின் குடலில் வாழ்வதால், அது இருந்தால் சாணமோ மலமோ நீரில் கலந்திருக்கிறது என்று பொருள். மாதிரியைக் குளிரில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்குவது வழக்கமான நெறி. சாலையே இல்லாத மேட்டிலிருந்து அதற்குள் ஆய்வகம் வந்து சேர்வது பெரும்பாடு.

ஒரு பாட்டில் நீரை நம்பவும் முடியாது. மழை பெய்தால் கரைச் சாணம் ஓடையில் இறங்கும். வண்டலில் தங்கிய பாக்டீரியாவும் கிளம்பும். ஐந்து மாதிரிகளில் ஈ.கோலை எண்ணிக்கை நான்கில் 10, ஒன்றில் 10,000 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சராசரி 2,008. ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுக்கும் பெருக்குச் சராசரியோ சுமார் 40தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குளிக்கும் நீருக்கு வைத்த 126 என்ற வரம்பு (100 மி.லி.க்கு) இந்தப் பெருக்குச் சராசரிக்கானது. நீண்டகாலப் போக்கை அறிய அது நல்ல அளவுகோல். ஆனால் அந்த 10,000 நாளில் ஓடையில் இறங்கியவருக்கு அது என்ன உதவி? அதனால்தான் 2012 விதிகளில் இன்னொரு வரம்பும் உண்டு: பத்தில் ஒரு மாதிரிக்கு மேல் 410ஐத் தாண்டக் கூடாது.

குடிநீரில் கண்டிப்பு அதிகம். யோசெமிட்டியின் ஹெச் ஹெச்சி நீர்த்தேக்கத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வரும் நீரை வடிகட்டுவதில்லை. கிருமி நீக்கம் செய்கிறார்கள். வடிகட்டாமல் விடுவதற்கான இந்த விலக்கு சும்மா கிடைப்பதல்ல. முந்தைய 6 மாத மாதிரிகளில் குறைந்தது 90 சதவீதத்தில், மலக் கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு 20ஐத் தாண்டாமலோ மொத்தக் கோலிஃபார்ம் 100ஐத் தாண்டாமலோ இருக்க வேண்டும். விலக்கு பறிபோனால் நகரம் பெரும் செலவில் வடிகட்டு நிலையம் கட்டியாக வேண்டும்.